மேல் வீட்டு வாடகை

(ஓய்வுபெறும் வயதை நெருங்கும் தொழிலாளர்கள், ஊழியர்கள் முன் கோவை சிங்காநல்லூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மில்லில், பம்ப் கம்பெனியில், ஃபவுண்டரியில், ஜவுளிக் கடையில், தனியார் பள்ளியில் வேலை பார்த்து, ஓய்வுக்கு இன்னும் நாலைந்து ஆண்டு மீதி இருப்பவர்கள்தான் இங்கே அதிகம் என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். கையில் வரப்போகும் பி.எஃப்., கிராஜுவிட்டி, கொஞ்சம் சேமிப்பு, பலருக்கு ஏற்கெனவே இருக்கிற ஒரு சொந்த வீடு. இவ்வளவுதான் நம் முதல். இதை வைத்து, வாடகை வருமானத்தின் துணையோடு கடைசிவரை யார் கையையும் எதிர்பாராமல் வாழ முடியுமா என்பதே இன்றைய பேச்சு. வங்கியில் வீட்டுக்கடன் மேசையில் வெகுகாலம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முடியும். ஆனால் கடன் வாங்கி எங்கோ ஒரு ஃபிளாட்டை முடக்கிவிட்டு வாடகைக்குக் காத்திருப்பது அதற்கான வழி அல்ல.

முதலில் நமக்கு வரப்போகும் பென்ஷனைப் பார்த்துவிடுவோம். 1995 நவம்பரில் தொடங்கிய தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் கணக்கு இதுதான்: சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். உங்கள் சம்பளம் முப்பதாயிரமோ நாற்பதாயிரமோ, கணக்கில் பொதுவாக எடுத்துக்கொள்வது உச்சவரம்பான 15,000 மட்டும். அதுவும் 2014 செப்டம்பரில் வந்த உச்சவரம்பு. அதற்கு முந்தைய பணிக்காலத்துக்கு 6,500. முழுசாக 35 ஆண்டு, 15,000 என்ற கணக்கிலேயே போட்டாலும் மாதம் 7,500 ரூபாய்தான். இன்று ஓய்வுபெறுகிற பலர் கையில் மூவாயிரம், நாலாயிரம் என்று வாங்குகிறார்கள். குறைந்தபட்சம் என்று 2014இல் வைத்தது ஆயிரம் ரூபாய். அரசு ஊழியர்களிலும் தமிழ்நாட்டில் 2003 ஏப்ரலுக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் திட்டம் கிடையாது. ஆகவே மாதாமாதம் கைக்கு வருகிற இன்னொரு தொகையை நாமேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

அப்படி யோசிக்கும்போது நம்மூர்க்காரர் மனசுக்கு முதலில் வருவது வாடகைதான். இந்த ஊருக்கு அது புதிதல்ல. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து மில்கள் பெருகியபோதே, மில்லைச் சுற்றி லைன் வீடுகளும் பெருகின. ஒரு நீள வராண்டா, வரிசையாக ஆறு, எட்டு கதவுகள், கடைசியில் ஒரு தொட்டி. ஷிஃப்ட் சங்கு ஊதினால் நடந்து போகிற தூரம். ஒண்டிப்புதூரிலிருந்து பீளமேடு வரை இப்படிப்பட்ட லைன் வீடுகளின் வாடகையிலேயே பிள்ளைகளைப் படிக்கவைத்து, முதுமையையும் ஓட்டிய குடும்பங்கள் உண்டு. அந்த வீடுகளை வைத்திருந்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருந்தது. நிலத்தில் போட்ட காசுக்கு யாரும் வாடகை தருவதில்லை. கட்டடத்துக்கும் தண்ணீருக்கும் வேலைக்குப் பக்கமாக இருப்பதற்கும்தான் தருகிறார்கள். இன்று நான் சொல்லப்போவதில் பாதி இதற்குள்ளேயே இருக்கிறது.

கணக்காகப் பார்ப்போம். சரவணம்பட்டிப் பக்கம் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்று, பழையது, 60 லட்சத்துக்கு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாடகை மாதம் 15,000. வருஷத்துக்கு 1,80,000, போட்ட முதலுக்கு மூன்று சதவீதம். அதிலிருந்து சொத்துவரி போகும். ஆள் மாறும்போது ஒரு மாசம் காலியாகக் கிடக்கும். பெயிண்ட் அடிக்கணும், கீசர் மாற்றணும், காலி வீட்டுக்கு அசோசியேஷன் மெயின்டனன்ஸும் நாம்தான் கட்டணும். எல்லாம் போக ஒன்றே கால், ஒன்றரை லட்சம் மிஞ்சினால் பெரிது. வாங்குகிற அன்றைக்கே முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 60 லட்சத்துக்கு இது 5,40,000 ரூபாய். மூன்று வருஷ வாடகை பதிவு அலுவலகத்திலேயே போய்விடுகிறது.

இதையே கடன் வாங்கிச் செய்தால்? 40 லட்சம் கடன், எட்டரை சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் மாதத் தவணை 34,700 ரூபாய். வாடகையாக வருவது 15,000. மீதி ஏறத்தாழ இருபதாயிரத்தை ஒவ்வொரு மாதமும் நீங்கள் சம்பளத்திலிருந்து போட வேண்டும். சம்பளம் இருக்கிறவரை போடலாம். ஐம்பது வயதில் இந்தக் கடனை வாங்கினால், சம்பளம் நின்றபிறகும் தவணை தொடரும். வங்கி கொடுக்கும், வருமானச் சான்று, மகனின் கூட்டுக் கையெழுத்து எல்லாம் இருந்தால் எழுபது வயதுவரைகூடத் தவணையை நீட்டித் தரும். கொடுக்கிறார்கள் என்பதற்காக வாங்காதீர்கள். ஓய்வுபெறும் நாளில் வாடகை வீட்டின் மேல் ஒரு ரூபாய் கடன்கூட நிற்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கடன் முடியாத வாடகை வீடு உங்களுக்குச் சம்பாதிப்பதில்லை, வங்கிக்குத்தான் சம்பாதிக்கிறது.

சரி, வேறு ஒரு கணக்கு. இங்கே இருக்கிறவர்களில் கை தூக்கச் சொன்னால் பாதிப் பேருக்காவது மூன்று செண்டிலோ நாலு செண்டிலோ கீழ் வீடு இருக்கும். மேலே வெறும் மொட்டை மாடி. வற்றல் காயும், டிஷ் ஆன்டெனா நிற்கும். அந்த மாடியில் 600 சதுர அடியில் ஒரு போர்ஷன் கட்டுகிறீர்கள். சதுர அடிக்கு 2,300 ரூபாய் என்று போட்டால் 13,80,000. பிளான் அனுமதி, தனி மின் இணைப்பு, வெளிப்பக்கப் படிக்கட்டு, மேல்நிலைத் தொட்டி எல்லாம் சேர்த்து 15 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வாடகை 9,000 கிடைத்தால் வருஷத்துக்கு 1,08,000. செலவு போக 90,000. போட்ட காசுக்கு ஆறு சதவீதம். ஃபிளாட்டில் கிடைப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். எங்கிருந்து வந்தது இந்த வித்தியாசம்? நிலம் ஏற்கெனவே உங்களுடையது. அதற்கு இன்னொருமுறை விலை கொடுக்கவில்லை.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. நாற்பது வருஷத்துக்கு முன் கட்டிய வீடுகள் பலவற்றில் காங்கிரீட் தூண்கள் இல்லை. செங்கல் சுவரே பாரத்தைத் தாங்குகிறது. மேஸ்திரி வந்து தட்டிப் பார்த்துவிட்டு, "தாங்குமுங்க, நானே கட்டினதுதானுங்களே" என்பார். அதை மட்டும் நம்பி மாடி எழுப்பக் கூடாது. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டு அஸ்திவாரத்தை ஓரிடத்தில் தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாயில் சிக்கனம் வேண்டாம். அனுமதி வாங்குவது முன்பைவிடச் சுலபமாகியிருக்கிறது. 2,500 சதுர அடிவரை மனை, 3,500 சதுர அடிவரை கட்டடம், தரைத்தளமும் ஒரு மாடியும் மட்டும் என்றால், சுயசான்று முறையில் இணையம் வழியாகவே அனுமதி வாங்கும் ஏற்பாட்டைத் தமிழ்நாடு அரசு 2024 ஜூலையில் கொண்டுவந்தது. அனுமதி இல்லாமல் கட்டிய மாடி, விற்கும்போதும் கடன் கேட்கும்போதும் பெரிய தலைவலி. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எத்தனையோ பத்திரத்தைத் திருப்பி அனுப்பியவன் என்பதால் இதைச் சொல்கிறேன்.

இப்போது சிலர் கேட்பீர்கள்: இத்தனை பாடு எதற்கு, அந்தப் 15 லட்சத்தை அஞ்சலகத்தில் போட்டால் போதாதா? நியாயமான கேள்வி. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2023 ஏப்ரல் முதல் வட்டி 8.2 சதவீதம் என்று வைத்தார்கள்; ஒருவர் 30 லட்சம்வரை போடலாம். அரசாங்கமே காலாண்டுக்கு ஒருமுறை வட்டி தருகிறது. குழாய் ஒழுகாது, யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். 15 லட்சத்துக்கு மாதக் கணக்கில் 10,250 ரூபாய். மேல் வீட்டில் செலவு போக நிற்பது 7,500. முதல் வருஷத்தில் அஞ்சலகமே ஜெயிக்கிறது.

ஆனால் அந்த 10,250 அசையாது. புதுப்பிக்கும்போது வட்டி விகிதம் கூடலாம், குறையலாம். விலைவாசிக்காக அது ஏறுவதில்லை. விலைவாசி வருஷத்துக்கு ஆறு சதவீதம் ஏறினால், இன்றைக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு வாங்குகிற சாமான் பன்னிரண்டு வருஷத்தில் இருபதாயிரம் ஆகிவிடும். வாடகையோ ஊர் விலைவாசியோடு கூடவே ஏறுகிறது. வருஷம் ஐந்து சதவீதம் ஏற்றினால் அந்த 7,500 ஏழெட்டு வருஷத்தில் அஞ்சலக வட்டியைத் தாண்டும்; பதினைந்தாவது வருஷ முடிவில் ஏறத்தாழ 15,600 ஆகும். ஐம்பத்தெட்டில் ஓய்வுபெறுகிறவருக்கு எழுபத்தைந்து வயதில் எவ்வளவு தேவைப்படும் என்பதை இன்றைய விலையில் யோசிக்கக் கூடாது. மருந்துச் செலவு கூடுகிற வயசு அது.

அதனால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் யோசனை. முதல் பத்து வருஷத்துக்கு அரிசி பருப்புக்கும் மருந்துக்கும் வட்டி வருமானம். பிந்தைய வருஷங்களுக்கு வாடகை. கையில் 30 லட்சம் வருகிறதென்றால் பாதிக்குமேல் கட்டடத்தில் போடாதீர்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் இரண்டு லட்சம் கட்டச் சொன்னால், வீட்டின் ஒரு சமையலறையை மட்டும் விற்க முடியாது. எப்போது வேண்டுமானாலும் எடுக்கிற மாதிரி இரண்டு வருஷச் செலவுக்கான பணம் வங்கியில் இருக்க வேண்டும்.

காலி மனை வாங்கிப் போடலாமே என்போருக்கு ஒரே ஒரு வார்த்தை. மனை வாடகை தராது. நீங்கள் பார்க்காத நேரத்தில் எல்லைக்கல் நகரும். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, ஓய்வுக்கால நம்பிக்கையெல்லாம் அப்படியொரு மனையில் வைத்திருந்தவர்கள் எவ்வளவு அலைந்தார்கள் என்பது இந்த ஊருக்குத் தெரியும்.

வாடகைக்கு விடுவது ஒரு தொழில். சின்னத் தொழில்தான், ஆனாலும் தினமும் கவனிக்க வேண்டியது. இதை ஒழுங்காகச் செய்த ஒருவரை எனக்குத் தெரியும். மில்லில் ஃபிட்டராக இருந்தவர். ஓய்வுபெற்றபின் மூன்று போர்ஷன்களை வாடகைக்கு விட்டிருந்தார். அவரிடம் நீளவாக்கில் ஒரு கணக்கு நோட்டு இருந்தது. ஒரு போர்ஷனுக்கு இருபது பக்கம். இடது பக்கம் வாடகை வந்த தேதியும் தொகையும், ரொக்கமா வங்கியா என்பதும். வலது பக்கம் அந்த வீட்டுக்கு ஆன செலவு: குழாய் வாஷர், பாத்ரூம் பல்பு, தாழ்ப்பாள், செப்டிக் டேங்க் வண்டி. ஓரத்தில் சிவப்பு மையில் மின் மீட்டர் அளவு. குடிவருகிறவர் பால் காய்ச்சிய அன்றே சாவியோடு ஒரு தாளும் கொடுப்பார். எத்தனை ஃபேன், எத்தனை லைட், எந்தச் சுவரில் ஏற்கெனவே விரிசல், எல்லாம் அதில் இருக்கும். இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவார்கள். காலி செய்கிற அன்று அந்தத் தாளை வைத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்று வருவார்கள். அவர் வீட்டில் அட்வான்ஸ் தகராறு என்று நான் கேள்விப்பட்டதே இல்லை.

அவருடைய இன்னொரு பழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஊரில் 9,000 போகிற வீட்டுக்கு அவர் 8,500 கேட்பார். "எட்டு மாசத்துல ஓடிப்போறவங்க குடுக்கற ஒம்பதாயிரத்தவிட, நாலு வருசம் இருக்கறவங்க குடுக்கற எட்டரை பெருசுங்க" என்பார். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐநூறு ரூபாய் அதிகமென்றால் வருஷத்துக்கு ஆறாயிரம். ஒரு மாசம் காலியாகக் கிடந்தால் ஒன்பதாயிரம் நஷ்டம். அதற்குமேல் வெள்ளையடிக்கிற செலவும் புரோக்கர் கமிஷனும்.

வீடு நீங்கள் நடந்துபோய்ப் பார்க்கிற தூரத்தில் இருக்கட்டும். சென்னையில் ஃபிளாட், பெங்களூரில் ஃபிளாட் என்று வாங்கிவிட்டு இங்கிருந்து போனிலேயே பிளம்பர் தேடுவது ஐம்பது வயதில் முடியும், எழுபதில் முடியாது. ஒரே வகை வேலைக்காரர்களை மட்டும் நம்பியிருக்கிற பகுதியும் ஆபத்துதான். 2020இல் பொதுமுடக்கம் வந்து ஐ.டி. கம்பெனிகள் வீட்டிலிருந்தே வேலை என்று சொன்னதும், சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையிலும் இங்கே சரவணம்பட்டியிலும் பிள்ளைகள் சாமானைக் கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். வீட்டுக்கு வீடு டு-லெட் போர்டு தொங்கியது. அதே காலத்தில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிறுத்தம், காய்கறிக் கடை எல்லாம் பக்கத்தில் இருக்கிற சின்ன வீடுகளில் குடும்பங்கள் அசையாமல் இருந்தன. வாடகை தாமதமாக வந்திருக்கும், ஆனால் வந்தது.

தண்ணீரைப் பற்றிப் பேசாமல் கோவையில் வாடகையைப் பற்றிப் பேச முடியாது. வீடு பார்க்க வருகிற பெண் கேட்கிற முதல் கேள்வியே, "நல்ல தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா வருதுங்க?" என்பதுதான். சிறுவாணித் தண்ணீர் வருகிற வீடு வாடகையிலேயே தனி ரகம். உப்புத் தண்ணிக்குப் போர் இருக்கிறதா, ஒரு போர்ஷனுக்கு ஒரு தொட்டியா, மோட்டார் யார் மீட்டரில் ஓடுகிறது, இவையெல்லாம் கட்டும்போதே தீர்மானிக்க வேண்டியவை. கீழ் வீட்டுக்கும் மேல் வீட்டுக்கும் வருகிற சண்டையில் முக்கால்வாசி மோட்டார் கரண்டுக்குத்தான். ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி மின் இணைப்பு, பொது மோட்டாருக்கு இன்னொன்று என்று வைத்துவிட்டால் அந்தச் சண்டை பிறக்கவே பிறக்காது. குடித்தனக்காரரின் மின்கட்டணத்தில் யூனிட்டுக்கு இரண்டு ரூபாய் கூட்டி வாங்குகிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். வாடகைக்கு இருப்பவரும் நம்மைப்போல் மாசச் சம்பளத்தில் எண்ணி எண்ணிச் செலவு செய்கிறவர்தான்.

அடுத்தது போக்கியம். லீஸுக்கு விடுவது என்றும் சொல்கிறார்கள். ஐந்து லட்சமோ ஆறு லட்சமோ மொத்தமாக வாங்கிக்கொண்டு மூன்று வருஷத்துக்கு வாடகையே இல்லாமல் வீட்டைக் கொடுப்பது. காலி செய்யும்போது அந்தப் பணத்தை அப்படியே திருப்பித் தருவது. மகள் கல்யாணம், மகன் படிப்பு என்று வரும்போது இது கையில் இனிக்கும். ஆனால் அந்தப் பணம் உங்களுடையது அல்ல, கடன். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் ஆறு லட்சம் வாங்கிக் கல்யாணத்தை முடித்தார்கள். மூன்று வருஷம் கழித்துக் குடியிருந்தவர் பணத்தைக் கேட்டபோது இன்னொருவரிடம் ஏழு லட்சத்துக்குப் போக்கியம் வைத்துத் திருப்பினார்கள். அடுத்த முறை எட்டு லட்சம் வேண்டியிருந்தது, தர ஆளில்லை. கடைசியில் அவசரத்தில் வீட்டையே விற்றார்கள். அந்த வீட்டிலிருந்து ஓய்வுக்காலத்தில் ஒரு மாத வாடகைகூட அவர்கள் கைக்கு வரவில்லை. ஓய்வுபெற்றவர்கள் போக்கியத்துக்கு விடவே கூடாது. ஏற்கெனவே விட்டிருந்தால், வாங்கிய தொகையை வைப்பில் போட்டு, ரசீதைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். மாத வாடகைக்கு வாங்குகிற அட்வான்ஸுக்கும் இதே விதிதான். அந்தக் காசில் வீட்டுக்குச் சுண்ணாம்புகூட அடிக்கக் கூடாது.

சட்டம் மாறியிருக்கிறது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1960இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், சொத்து உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டத்தில் நியாய வாடகை என்று நீதிமன்றம் தீர்மானிக்கும். வழக்கு இருபது வருஷம் நடக்கும். புதிய சட்டத்தில் வாடகையை நீங்கள் இருவரும் பேசி எழுதிக்கொள்வதுதான். ஆனால் எழுதியாக வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்தாக வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்குமேல் முன்பணம் கூடாது. எவ்வளவு கோபம் வந்தாலும் குடித்தனக்காரருக்குத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. வாய்ப்பேச்சில் வீட்டை விட்டுவிட்டு, "நம்ம ஆளுதானுங்க" என்று இருப்பவர்கள்தான் பிற்பாடு வக்கீல் வீட்டுக்கு நடக்கிறார்கள். வருஷத்துக்கு எத்தனை சதவீதம் வாடகை ஏறும் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள். பிறகு ஒவ்வொரு தையிலும் மனஸ்தாபம் வராது.

வருமான வரிக்காக யாரும் பயப்பட வேண்டியதில்லை. வாடகையில் கட்டிய சொத்துவரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று சட்டமே கழித்துக்கொள்ள விடுகிறது. பில் எதுவும் காட்ட வேண்டாம். 2025-26 நிதியாண்டில் புதிய வரிமுறையில் சாதாரண வருமானம் 12 லட்சம்வரை வரியே இல்லை. நம் வருமானத்துக்கு இது போதும். ஆகவே வாடகையை வங்கிக் கணக்கிலேயே வாங்குங்கள், மறைக்க ஒன்றுமில்லை. சொத்துவரி ஏறும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள். 2022இல் கோவை போன்ற மாநகராட்சிகளில் 600 சதுர அடிவரை 25 சதவீதமும், 1,800க்குமேல் 100 சதவீதமும் உயர்த்தினார்கள். சின்ன வீடு கட்டுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனிச் சொல்லப்போவது பணத்தைப் பற்றியதல்ல. என்றாலும் இந்த அரங்குக்கு நான் வந்ததே இதைச் சொல்லத்தான்.

வீடு யார் பேரில் இருக்கிறது? பெரும்பாலும் புருஷன் பேரில். ஒப்பந்தம் அவர் பேரில், வாடகை வருவது அவர் கணக்கில், குடித்தனக்காரர் போன் நம்பர் அவர் போனில். அவர் போன பிறகு அந்த அம்மாவுக்கு எவ்வளவு அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார்கள் என்பதுகூடத் தெரிவதில்லை. வாடகை பேங்கில் விழுந்துகொண்டே இருக்கும். கணக்கோ அவர் பேரில், நாமினி எழுதவில்லை. வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ், பட்டா மாற்ற மறுபடியும் தாலுகா ஆபீஸ், வங்கிக்கு நாலு நடை. ஒரு பாட்டி என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து முந்தானை முடிச்சிலிருந்து பாஸ்புக்கை எடுத்து வைத்து, "சாமி, மேல் வீட்டு வாடக இதுக்குள்ளதான் வருதாமா, எடுக்க முடியுமுங்களா?" என்று கேட்டார். அவருடைய காசுதான். கையெழுத்துத்தான் அவருடையது இல்லை. அன்றைக்கு அவருக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கப் பணம் இல்லை.

ஆகவே வாங்கும்போதே கூட்டாக வாங்குங்கள். ஏற்கெனவே ஒருவர் பேரில் இருந்தால், உயில் எழுதுங்கள். ஒரு தாள், இரண்டு சாட்சி போதும். பதிவு செய்துவிட்டால் இன்னும் நல்லது. வாடகை விழுகிற கணக்கை இருவரில் யாரும் எடுக்கலாம் என்று கூட்டுக் கணக்காக்குங்கள். கணக்கு நோட்டை எழுதும் வேலையை மாதம் ஒருமுறையாவது வீட்டம்மாவிடம் கொடுங்கள்.

பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுப்பதைப் பற்றியும் ஒளிக்காமல் பேசுவோம். மகன் கேட்கிறான், மருமகன் கேட்கிறார், "எங்களுக்குத்தானே வரப்போகிறது, இப்பவே செட்டில்மென்ட் எழுதிவிடுங்கள்" என்று. பாசத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, மறு மாசமே வாடகை யார் கணக்கில் விழுகிறது என்று பார்த்துத் தவித்த பெற்றோர் எத்தனையோ பேர். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம், பார்த்துக்கொள்வோம் என்ற நிபந்தனையோடு வாங்கிய சொத்தைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து செய்ய வழி வைத்திருக்கிறது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். ஆனால் அந்த நிபந்தனை பத்திரத்தில் எழுதியிருக்கிறதா என்பதில்தான் வழக்குகள் பலவும் சிக்கின. எழுதியே ஆக வேண்டுமென்றால் இரண்டு வரிகளை விடாதீர்கள். ஒன்று, உங்கள் இருவர் ஆயுள் உள்ளவரை வாடகையை அனுபவிக்கும் உரிமை உங்களுக்கே. இரண்டு, கடைசிவரை பராமரிப்பது அவர்கள் பொறுப்பு. இதைக் கேட்டு முகம் சுளிக்கிற பிள்ளைக்கு இப்போது எழுத வேண்டாம், உயிலில் பார்த்துக்கொள்ளலாம்.

பிள்ளையே இல்லாதவர்களுக்கு, அல்லது கட்டடம் கட்ட வழியில்லாமல் ஒற்றை வீடு மட்டும் உள்ளவர்களுக்கு, வீட்டை அடமானமாக வைத்து வங்கியிடமிருந்து மாதாமாதம் பணம் பெறும் தலைகீழ் அடமான ஏற்பாடு 2007 பட்ஜெட்டுக்குப் பிறகு வந்தது. அறுபது வயது நிரம்பியிருக்க வேண்டும்; ஆயுள்வரை அந்த வீட்டிலேயே இருக்கலாம். நம் ஊரில் அது பெரிதாகப் பரவவில்லை. வீட்டை வங்கிக்கு எழுதிவிட்டார் என்ற பேச்சுக்கு அஞ்சுகிறார்கள். அஞ்ச வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். நீங்கள் கட்டிய வீடு, முதுமையில் உங்களுக்குச் சோறு போடுவதில் என்ன அவமானம்?

நேரமாகிவிட்டது. பத்திர நகலும் வில்லங்கச் சான்றும் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். கொண்டுவந்தவர்கள் முன் வரிசைக்கு வாருங்கள். மாடி கட்ட யோசிப்பவர்கள் இடது பக்கம் உட்காருங்கள், பொறியாளர் ஒருவர் வந்திருக்கிறார். செட்டில்மென்ட் எழுதலாமா என்று குழம்பி இருப்பவர்கள் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள்; முடிந்தால் கணவன், மனைவி இருவரும் சேர்ந்தே வாருங்கள்.